ஐரோப்பிய மேனர் முறையும் சேதுபதி சீமை ஜமீனும் ஒன்றா?

தொண்டிக்கரை கேட்டது:

ஒன்பதாம் வகுப்புக்கு ஐரோப்பிய நிலமானிய முறை நடத்த வேண்டும். மேலே அரசர், அடுத்து பிரபுக்கள், பிறகு நைட்டுகள் (குதிரைப்படை வீரர்கள்), அடியில் பண்ணையடிமைகள் என்று ஒரு கோபுரப் படம் எல்லா வழிகாட்டியிலும் இருக்கிறது. பிள்ளைகள் கேட்பதற்கு அந்தப் படத்தில் பதில் இல்லை. அடியில் இருந்தவன் கொடுத்தது தானியமா, காசா, உழைப்பா? குடும்பத்துக்கு எவ்வளவு மிஞ்சும்? நம்ம பக்கத்து வாரமும் (விளைச்சலில் பங்கு கொடுப்பது) இதுவும் ஒன்றுதானா? கணக்கோடு சொன்னால் பலகையில் எழுதிப்போடலாம்.

மடைவாய் எழுதியது:

டீச்சர், முதலில் அந்தப் படத்தை இரண்டாக வெட்டுங்கள். அரசர், பிரபு, நைட் இவர்களுக்குள் இருந்தது போர்ச்சேவைக்கு நிலம் என்ற உடன்படிக்கை. பிரபுவுக்கும் குடியானவனுக்கும் நடுவே இருந்தது மேனர், அதாவது பிரபுவின் பண்ணையும் குடிகளின் நிலமும் சேர்ந்த ஊர் அமைப்பு. இது வேறு சங்கதி. இரண்டையும் ஒரே ஏணியாக வரைவதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

இங்கிலாந்து மேனரை வைத்துச் சொல்கிறேன். நிலத்தில் ஒரு பங்கு பிரபுவின் சொந்தப் பண்ணை. இன்னொரு பங்கு குடிகளுடையது, நீளநீளமான பட்டைகளாகச் சிதறிக் கிடக்கும். மீதி மேய்ச்சலும் காடும். ஏட்டளவில் ஒரு ஏக்கர்ப் பட்டை 220 கஜம் நீளம், 22 கஜம் அகலம். அவ்வளவு நீளம் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கனத்த களிமண்ணை உழ எட்டு மாடு வரை பூட்டிய ஏர் வேண்டும். நம்ம ஊர் இரட்டைமாட்டு ஏரை வரப்போரம் சட்டென்று திருப்பிவிடலாம். எட்டு மாட்டைத் திருப்புவது பெரும்பாடு, அதனால் திருப்பம் குறைய வேண்டும். தனி ஆளிடம் எட்டு மாடு இருக்காது, நாலு வீடு சேர்ந்துதான் ஏர் கட்டுவார்கள்.

நிலம் மொத்தமும் மூன்று வயலாகப் பிரிந்திருக்கும். ஒன்றில் குளிர்காலக் கோதுமை அல்லது ரை, ஒன்றில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி, ஓட்ஸ், பயறு, மூன்றாவது தரிசு. ஆண்டுதோறும் சுழலும். அறுத்து முடிந்ததும் தாளில் ஊர் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் பிந்தி விதைத்தால் அவர் பயிரில்தான் மாடு இறங்கும். அதனால் இஷ்டப்படி பயிர் வைக்க வழியே கிடையாது. மீறினால் மேனர் நீதிமன்றத்தில் அபராதம்.

கொடுத்தது என்ன என்றால், முதன்மையாக உழைப்பு. சுமார் 30 ஏக்கர் வைத்திருந்த குடும்பம் வாரம் இரண்டு மூன்று நாள் பிரபுவின் பண்ணையில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். கடன் குடும்பத்தின் மேல் என்பதால் மகனையோ கூலியாளையோ அனுப்பலாம். அறுவடைக்குக் கூடுதல் நாட்கள் உண்டு. அன்று பிரபு சாப்பாடு போடுவார், பியர் ஊற்றும் நாளை ‘ஈர’ நாள் என்றும் ஊற்றாத நாளை ‘உலர்’ நாள் என்றும் பிரித்தே வைத்திருந்தார்கள். இது போக, மகள் கல்யாணத்துக்கு ஒரு கட்டணம். குடும்பத் தலைவன் செத்தால் வீட்டிலிருக்கும் நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவார். உழைக்கிற ஆளும் போய் உழுகிற மாடும் போகும். பட்டியலிலேயே கொடுமையானது அதுதான்.

மிச்சக் கணக்கு இது. பத்து மரக்கால் விதைத்தால் நல்ல வருஷத்தில் நாற்பது கிடைக்கும். தேவாலயத்துக்குப் பத்தில் ஒன்று, நாலு. விதைக்கு எடுத்துவைப்பது பத்து. மிச்சம் இருபத்தாறு. மழை கெடுத்து விளைச்சல் இருபதாகப் பாதியானால் தேவாலயத்துக்கு இரண்டு, விதைக்கு அதே பத்து, மிச்சம் எட்டுதான். விளைச்சல் பாதியானாலும் சாப்பாடு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 1315 முதல் 1317 வரை விடாமழை பெய்து பெரும் பஞ்சம் வந்தபோது நடந்தது இதுதான். விதைத்தானியத்தைத் தின்றவர்களுக்கு அடுத்த வருஷமும் பட்டினிதான். இந்த மிச்சத்தையும் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அங்கேயும் ஒரு பங்கு பிடிப்பார்கள்.

கண்மாய்க்கரை எழுதியது:

மேல்பாதிக்கு நான் சொல்கிறேன். ஒரு நைட் வழக்கமாக வருஷத்துக்கு 40 நாள் போர்ச்சேவை செய்ய வேண்டும். பின்னாளில் அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பித்தார்கள். வாரிசு பட்டம் ஏறும்போது தலைவருக்குப் பணம் கட்ட வேண்டும். அரசர் கண்டபடி கேட்டதால் 1215 மகா சாசனம் (மேக்னா கார்ட்டா) வரம்பு வைத்தது, பாரன் என்ற பெரிய பிரபுவுக்கு 100 பவுண்டு, நைட்டுக்கு அதிகபட்சம் 100 ஷில்லிங். ஒரே ஆள் இரண்டு மூன்று தலைவர்களிடம் நிலம் வாங்குவதும் சகஜம். அவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டால் எந்தப் பக்கம் நிற்பது? அதற்காகவே ஒருவரை முதன்மைத் தலைவர் என்று குறித்துக்கொண்டார்கள். கோபுரப் படத்தில் இதைக் காட்ட முடியாது.

தொண்டிக்கரை:

கணக்கு அருமை ஐயா. ஜமீன் ஒப்பீட்டையும் யாராவது சொல்லுங்கள்.

மடைவாய்:

ஒப்பிடுவதென்றால் ஃபீஃபுக்குப் (போர்ச்சேவைக்காகக் கொடுத்த நிலம்) பக்கத்தில் ஜமீனை வைக்காதீர்கள், பாளையத்தை வையுங்கள். நாயக்கர் காலத்துப் பாளையக்காரர் நிலத்துக்குப் படை கொடுத்தவர். 1801-ல் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆயுதத்தைப் பிடுங்கியது, 1803-ல் சேதுபதி சீமையான இராமநாதபுரம் நிரந்தர ஜமீன் ஆனது. அதற்கப்புறம் படை கிடையாது, கும்பினிக்குப் பேஷ்குஷ் என்ற நிலையான வரி கட்டுவதுதான் கடமை.

கீழே இருந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். மேனரில் பிரபு எடுத்தது குடியானவனின் வேலை நாட்கள். இங்கே நஞ்சையில் ஜமீன் எடுத்தது களத்துமேட்டில் பங்கு. பொலியிலிருந்து (தானியக் குவியல்) தச்சர், கொல்லர், நீர்பாய்ச்சிக்குரிய சுதந்திரத்தை, அதாவது அவரவர் உரிமைப் பங்கை, எடுத்தபின் மேல்வாரம் (ஜமீன் பங்கு), குடிவாரம் (உழுதவர் பங்கு) என்று பிரிப்பார்கள். பங்கு என்பதால் விளைச்சல் குறைந்தால் ஜமீனுக்கும் குறையும், ஆகவே கண்மாய் மராமத்து ஜமீனின் சொந்தக் கவலையாகவும் இருந்தது. கரை உடைந்தால் மேல்வாரமும் சேர்ந்து போகும். மேனர் பிரபுவுக்கோ மழை எப்படியிருந்தாலும் வேலை நாள் குறையாது.

உப்பங்கழி எழுதியது:

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். 1086-ல் இங்கிலாந்து அரசர் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக்கணக்கில் நிலத்தோடு உப்பளமும் மீன்பிடியும் பதிவாகியிருக்கின்றன. சில ஆலைகளுக்கு வாடகையே விலாங்கு மீன்தான், 25 விலாங்கு ஒரு கட்டு என்று எண்ணுவார்கள். பரீட்சைக்கு முடிவு ஆண்டுகள்: பிரான்சில் 1789 ஆகஸ்ட் 4 இரவில் நிலமானிய உரிமைகளை ஒழிக்கத் தீர்மானம், ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிப்பு 1861. நம்ம ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948.


தொண்டிக்கரை:

விலாங்குக் கட்டிலிருந்தே நாளைய பாடத்தைத் தொடங்குகிறேன். நன்றி.