இணையத்துக்கும் தொலைக்காட்சிக்குமான மாதச் சிட்டை: எது வரி, எது நிறுவனத்தின் கட்டணம்?

கேள்வி
பதிந்தவர்: கொட்டகலை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் உத்தியோகத்தர் குடியிருப்பில் வசிக்கிறோம். வீட்டில் 4ஜி ரவுட்டர் ஒன்றும், டிஷ் மூலம் வரும் கட்டணத் தொலைக்காட்சி இணைப்பு ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் ஒரே நிறுவனத்தினுடையவை. மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறாள். இரசாயனவியலையும் பௌதிகவியலையும் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்கள் எங்கள் பக்கத்தில் கிடைப்பது அரிது என்பதால் சூம் வகுப்புகளையே நம்பியிருக்கிறாள். ஆகவே இணையத்தைத் துண்டிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

என் கவலை மாதச் சிட்டையைப் பற்றியது. இணைப்பை எடுத்தபோது துண்டுப்பிரசுரத்தில் ஒரு விலை பெரிய எழுத்தில் இருந்தது. ‘வரிகள் நீங்கலாக’ என்ற குறிப்பு அதன் அடியில் மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. இப்போது வரும் சிட்டையில் மாத வாடகை, மேலதிக சேவைகள், தாமதக் கட்டணம், வரிகளும் அறவீடுகளும் என்று நான்கு தலைப்புகள் இருக்கின்றன. எந்தத் தலைப்பின் கீழ் எதற்காக எவ்வளவு என்ற விவரம் மட்டும் இல்லை. வாடிக்கையாளர் சேவையை அழைத்தால், “அரசாங்கம் வரியைக் கூட்டிவிட்டது” என்ற ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். 2022ஆம் ஆண்டுக்கு முன்பு நாங்கள் செலுத்தியதோடு ஒப்பிட்டால், தொலைக்காட்சிக்கு மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு போகிறது.

இந்த உயர்வில் உண்மையில் வரி எவ்வளவு? நிறுவனம் தன் விருப்பப்படி கட்டணங்களைச் சேர்க்க முடியுமா? செலவைக் குறைக்க வேண்டுமென்றால் எதில் கைவைப்பது நல்லது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பலருக்கும் உதவும்.

பதில் 1
பதிந்தவர்: ஹட்டன் கணக்காளர்

அண்ணா, உங்கள் முதற்கேள்விக்குக் கணக்குப் போட்டே விடை சொல்லிவிடலாம். 2022இன் தொடக்கத்தில் பெறுமதி சேர் வரி 8 சதவீதமாக இருந்தது. அதே ஆண்டு ஜூன் 1ஆம் திகதி 12 ஆகவும், செப்டெம்பர் 1ஆம் திகதி 15 ஆகவும், 2024 ஜனவரி 1ஆம் திகதி 18 ஆகவும் அது உயர்ந்தது. இடையில் 2022 ஒக்டோபர் முதல் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு அறவீடும் வந்து சேர்ந்தது. வரி ஒருபுறமிருக்க, அடிப்படைக் கட்டணத்தையே கூட்டுவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதி கொடுத்தது. 2022 செப்டெம்பர் 5ஆம் திகதி முதல் கைத்தொலைபேசி, நிலையான தொலைபேசி, இணையம் ஆகியவற்றுக்கு 20 சதவீதமும் கட்டணத் தொலைக்காட்சிக்கு 25 சதவீதமும் கூடின.

இப்போது 1000 ரூபா அடிப்படை விலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இன் தொடக்கத்தில் அதற்கு வரியோடு 1080 ரூபா செலுத்தியிருப்பீர்கள். இணையமாயின் அந்த 1000 ரூபா 1200 ஆகி, 2.5 சதவீதம் சேர்ந்து 1230 ஆகி, அதன்மீது 18 சதவீதம் ஏறி 1451 ரூபா 40 சதத்தில் வந்து நிற்கும். தொலைக்காட்சியாயின் இதே வழியில் ஏறத்தாழ 1512 ரூபா வரும். அதாவது, நான் மேலே சொன்ன காரணங்கள் அனைத்தையும் சேர்த்தாலும் இணையத்துக்கு ஏறக்குறைய 34 சதவீதமும் தொலைக்காட்சிக்கு 40 சதவீதமும்தான் உயர்வு. உங்கள் தொலைக்காட்சிக் கட்டணம் இரு மடங்கை நெருங்குகிறது என்றால், மிகுதியை அரசாங்க வரியின் தலையில் கட்ட முடியாது. பெக்கேஜ் மாற்றப்பட்டிருக்கலாம், கேட்காத சேவை சேர்க்கப்பட்டிருக்கலாம், தாமதக் கட்டணம் மாதாமாதம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சிட்டையில் தேட வேண்டியது அந்த மிகுதியைத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். 15 சதவீதத் தொலைத்தொடர்பு அறவீடு குரல் அழைப்புகளுக்கு உரியது. இணையத்துக்கு 10 சதவீதமாக இருந்த அந்த அறவீடு 2017 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. ரவுட்டரோடு வீட்டுத் தொலைபேசியும் இருந்தால், அழைப்புக்கும் டேட்டாவுக்குமான வரியைப் பிரித்துக் காட்டும்படி கேளுங்கள். ‘வரிகளும் அறவீடுகளும்’ என்று ஒரே தொகையாகப் போட்டால் யாராலும் சரிபார்க்க முடியாது. அது பணம் கட்டுகிறவருக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

நிறுவனங்களுக்கும் செலவு கூடியது உண்மை. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. மின் கட்டணம் அந்த ஆண்டு ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. கோபுரங்களை இயக்கும் மின்சாரத்துக்கும் டீசலுக்கும் அவர்கள் அதிகமாகச் செலவிட்டார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் டொலர் பின்னர் 300 ரூபாவை ஒட்டி இறங்கியபோதும், 2024 ஜூலையிலும் 2025 ஜனவரியிலும் மின் கட்டணம் குறைக்கப்பட்டபோதும், அந்த 20 சதவீதத்தில் ஒரு பங்கேனும் திரும்பி வந்ததாக என் வீட்டுச் சிட்டையில் நான் காணவில்லை. ஏற்றுவதற்குக் காட்டிய காரணம் தளரும்போது இறக்குவதும் கடமை என்பதை ஆணைக்குழு வலியுறுத்த வேண்டும்.

பதில் 2
பதிந்தவர்: பண்டாரவளை ஆசிரியை

கணக்காளர் சேர் தெளிவாக எழுதியிருக்கிறார். மலைநாட்டில் இந்தக் கட்டணங்கள் ஏன் மற்ற இடங்களைவிட அதிகமாக உறைக்கின்றன என்பதை மட்டும் நான் சேர்க்க விரும்புகிறேன்.

கொழும்பில் ஒரு நிறுவனம் விலையை ஏற்றினால் அடுத்த நிறுவனத்துக்கு மாறிவிடலாம். எங்கள் பாடசாலையைச் சுற்றியுள்ள தோட்டத்தில் மேற்பிரிவுக்கு ஒரு நிறுவனத்தின் சிக்னல்தான் எட்டும். மலையின் மறுபுறத்தில் இருக்கும் கீழ்ப்பிரிவுக்கு அதுவும் எட்டாது, வேறொரு நிறுவனத்தின் கோபுரம்தான் தெரியும். பைபர் கம்பி பிரதான வீதியின் கம்பங்களோடு போய்விடுகிறது. வீதியிலிருந்து தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைக்கு அது வருவதில்லை. தெரிவு செய்ய ஒன்றுதான் இருக்கும்போது, கேட்ட விலையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி என்ன?

தாமதக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லயங்களில் வீட்டுக்கு வீடு தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கே சில நாட்கள் கிடந்து, யாராவது கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெயரைக் கூப்பிட்டுக் கொடுக்கும்போதுதான் உரியவர் கைக்கு வருகின்றன. அதற்குள் கட்ட வேண்டிய திகதி போய்விடுகிறது. அடுத்த சிட்டையில் தாமதக் கட்டணம் ஏறுகிறது. அதையும் சேர்த்துக் கட்ட முடியாமல் இணைப்பு துண்டிக்கப்பட்டால் மீளிணைப்புக் கட்டணம் வேறு. எந்தக் குடும்பமும் வேண்டுமென்று தாமதிக்கவில்லை, தபால் தாமதிக்கிறது. கட்டணத் திகதியையும் தொகையையும் குறுஞ்செய்தியில், அதுவும் தமிழில், அனுப்பும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் மாணவர்களின் பெற்றோர் சிலருக்கு அப்படிச் செய்துகொடுத்த பிறகு தாமதக் கட்டணம் அவர்களுடைய சிட்டையில் வருவதில்லை.

தனி முகவரி இல்லாத வேறு பலர் மாதச் சிட்டை இணைப்புக்கே விண்ணப்பிக்க முடியாமல் முற்கொடுப்பனவு டேட்டா அட்டைகளில் தங்கிவிடுகிறார்கள். சிறு சிறு தொகையாக வாங்கும் டேட்டாவில் ஒரு ஜிபிக்கு விழும் விலை மாதப் பெக்கேஜில் விழுவதைவிடக் கூடுதல். 2024 செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. அப்படிப்பட்ட நாட்சம்பளத்தில் வாழ்கிற வீடு, மாதச் சம்பளம் வாங்குகிற என்னைவிட ஒரு ஜிபிக்கு அதிகம் கொடுக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் மண்சரிவிலும் எங்கள் பக்கத்தில் மின்சாரமும் சிக்னலும் பல நாட்கள் இல்லாமல் போயின. அந்த மாதமும் எனக்கு முழு வாடகையோடுதான் சிட்டை வந்தது. சேவை கிடைக்காத நாட்களைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்ட பிறகே ஒரு பகுதியைக் கழித்தார்கள். கேட்காதவர்களுக்கும் அது தானாகக் கழிந்திருக்க வேண்டும்.

பதில் 3
பதிந்தவர்: பொகவந்தலாவை டிஷ் பொருத்துநர்

நான் டிஷ் பூட்டும் வேலை செய்பவன். தொலைக்காட்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாடகைக்கு வெளியே வரும் செலவுகள்தான் வீட்டுக்காரரை அதிகம் தாக்குகின்றன. இரண்டாவது தொலைக்காட்சிக்குத் தனிப் பெட்டியும் தனி மாதக் கட்டணமும் உண்டு. பெட்டி பழுதானால் உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் புதுப் பெட்டிக்கு நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும். ஆள் வந்து பார்ப்பதற்கும் கட்டணம் அறவிடப்படுகிறது. இதில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். தென்மேற்குப் பருவ மழை அடர்த்தியாகப் பெய்யும்போது டிஷ்ஷுக்கு வரும் அலை மழைத்துளிகளில் சிதறிப் படம் உறைந்துவிடும். அது பழுதல்ல. மழை ஓய்ந்ததும் தானாக வந்துவிடும். அந்த நேரத்தில் அழைத்து ஆளை வரவழைத்தால் வீண் செலவு. மழை விட்ட பிறகும் வரவில்லை என்றால், காற்றில் டிஷ் அசைந்திருக்கிறதா, டிஷ்ஷின் முன்னால் அலையை வாங்கும் எல்.என்.பி. கருவிக்குப் போகும் வயரின் முனையில் நீர் இறங்கிப் பச்சை பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த முனையை ஓர் அங்குலம் வெட்டி மறுபடி பூட்டி, மேலே ரப்பர் டேப் சுற்றினால் பெரும்பாலான வீடுகளில் படம் வந்துவிடும்.

செலவைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, பெரிய பெக்கேஜிலிருந்து சிறியதற்கு இறங்குங்கள் என்பதே. நூறு அலைவரிசைக்குப் பணம் கட்டும் வீடுகளில் நான் போகும்போது ஓடிக்கொண்டிருப்பது எப்போதும் அதே நாலைந்துதான். செய்திக்கும் உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கும் சக்தி, வசந்தம், நேத்ரா போன்றவை சாதாரண அன்டனாவிலேயே இலவசமாக வருகின்றன. பீதுருதலாகல மலையிலிருந்து ரூபவாஹினி 1982 முதல் ஒளிபரப்புகிறது. அந்தப் பக்கம் திறந்திருக்கும் வீடுகளுக்கு நல்ல அன்டனா போதும். பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்திய நிறுவனப் பெட்டிகளை இங்கே இடைத்தரகர் மூலம் ரீலோட் செய்து பார்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். விலை குறைவாகத் தெரியும். ஆனால் தரகர் பணத்தை வாங்கிக்கொண்டு ரீலோட் செய்யாவிட்டால் முறையிட இடமே கிடையாது. அப்படி ஏமாந்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். என்னாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பதில் 4
பதிந்தவர்: கொட்டகலை வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்காளர் தம்பி சொன்னபடி பழைய சிட்டை ஒன்றையும் இந்த மாதச் சிட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘மேலதிக சேவைகள்’ என்பதற்குள் ஒரு விளையாட்டு அலைவரிசைத் தொகுதி இருப்பது, கடைக்குப் போய் விவரமான பட்டியலை அச்சிட்டுத் தரச் சொன்ன பிறகே தெரியவந்தது. அறிமுகக் காலத்தில் இலவசமாகத் தந்துவிட்டு, காலம் முடிந்ததும் எங்கள் சம்மதம் இல்லாமலே கட்டணத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அதை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஏற்கனவே எடுத்த பணத்தைத் திருப்பித் தர முடியாது என்கிறார்கள். இதை எங்கே, எந்த மொழியில் முறையிடுவது?

பதில் 5
பதிந்தவர்: ஹட்டன் கணக்காளர்

தமிழிலேயே எழுதுங்கள் அண்ணா. தமிழும் அரசகரும மொழி. பொது நிறுவனங்களோடு தமிழில் கடிதத் தொடர்பு வைக்கவும் பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது.

முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுத்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சான்று இல்லை என்பார்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை: “இந்தத் தொகுதியைச் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. என் சம்மதம் எந்தத் திகதியில், எந்த வழியில் பெறப்பட்டது என்பதைக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் அறவிட்ட தொகையை வரியோடு என் கணக்கில் வரவு வையுங்கள்.” ‘வரியோடு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அந்தத் தொகுதியின் விலை 500 ரூபா என்றால் உங்களிடமிருந்து போனது ஏறத்தாழ 605 ரூபா.

பதில் திருப்தியாக இல்லாவிட்டால், அந்த முறைப்பாட்டு இலக்கத்தோடும் சிட்டைகளின் பிரதிகளோடும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். 1900 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். துண்டுப்பிரசுரத்தில் விலையை மறைத்துக் காட்டியது பற்றிய முறைப்பாட்டை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் தனியாகத் தெரிவியுங்கள். பழைய துண்டுப்பிரசுரம் வீட்டில் இருந்தால் அதையும் படம் பிடித்து இணையுங்கள். முடிவு வரும்வரை சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைப்பதாகக் கடிதத்திலேயே குறிப்பிட்டு, மிகுதியைத் திகதிக்கு முன் கட்டிவிடுங்கள். முழுச் சிட்டையையும் கட்டாமல் விட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள், மகளின் வகுப்பு தடைப்படும்.