பூம்பாறை பெரியவீடு குழு: பாப்பா காதுகுத்து, வேனுக்கு யார்?

இரவு 7.10
வனிதா: நாளைக்குக் காலை 4.30க்கு வேன் கிளம்பும். முகூர்த்தம் 9 முதல் 10.30 வரை. பழனியில் மொட்டை முடிந்ததும் காதுகுத்து. நாங்கள் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஏறிக்கொள்கிறோம். யாரும் லேட் பண்ண வேண்டாம்.

செல்வி அத்தை: சரிம்மா. எத்தனை பேர்

பாண்டி மாமா: 14

செல்வி அத்தை: போன தடவையும் 14தான். நான் இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்து போனேன்

வனிதா: தம்பி முருகன்தான் ஓட்டுகிறான். 3 மணிக்கு லாரியை நிறுத்திவிட்டு நேராக வேனுக்கு வந்துவிடுவான்.

7.16
ராசு பெரியப்பா: இப்போது எங்கே இருக்கிறான்?

வனிதா: திருச்சி தாண்டிவிட்டான் பெரியப்பா. திண்டுக்கல்லில் பைப் லோடு இறக்கிவிட்டு மலை ஏறுவான்.

ராசு பெரியப்பா: எப்போது கிளம்பினான்?

வனிதா: நேற்று மத்தியானம் 12க்கு சென்னைக்குக் கேரட் ஏற்றிக்கொண்டு போனான்.

பாண்டி மாமா: ஆரம்பிச்சாச்சு

7.31
ராசு பெரியப்பா: வனிதா, கணக்கைப் பார். நேற்று 12 மணிக்குக் கிளம்பி ராத்திரி 2க்கு கோயம்பேடு. மூட்டை இறக்கி, ரெண்டு மணி நேரம் கேபினில் படுத்து, காலையில் பைப் ஏற்றி, மறுபடி ஸ்டீயரிங். நாளைக் காலை 4.30 என்றால் நாற்பது மணி நேரத்துக்கு ரெண்டே மணி தூக்கம். இதற்கு மேல் 14 பேரை ஏற்றிக்கொண்டு ஏழாயிரம் அடியில் இருந்து ஆயிரம் அடிக்கு இறங்கணும். நான் 31 வருடம் இந்த மலையில் பஸ் ஓட்டியவன். 1961ல் போட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதினார்கள். 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. ஒரு டூட்டி முடிந்து அடுத்த டூட்டிக்கு நடுவில் 9 மணி நேரம் விடணும் என்று இருந்தது. ஆனால் அதுவும் அஞ்சு பேராவது வேலை செய்த கம்பெனிக்குத்தான். முருகனுக்கு ஓனரும் அவன்தான், டிரைவரும் அவன்தான். அவனை யார் கேட்பது? கடன்காரன்தான் கேட்பான்.

செல்வி அத்தை: அண்ணே என் மகள் சடங்குக்கு நீங்கள் சீரோடு வந்தபோது பந்தியே முடிந்திருந்தது. டூட்டி என்றீர்கள். அன்றைக்கு இந்தச் சட்டம் இல்லையா

பாண்டி மாமா: செல்வி விடு

செல்வி அத்தை: சும்மா கேட்டேன்

7.40
பிரபு: அப்பா சொல்வது சரி. நான் வேலை பார்ப்பதே இங்கே லாரி கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் இடத்தில். அமெரிக்காவில் 14 மணி நேரத்துக்குள் 11 மணிதான் ஓட்டலாம். அடுத்து 10 மணி ஓய்வு. 2017 டிசம்பரில் இருந்து ஓட்டும் நேரத்தைப் பதிகிற கருவியை வண்டியிலேயே மாட்டிவிட்டார்கள். முன்னே நோட்டில் எழுதுவார்கள், ரெண்டு நோட்டு வைத்திருந்தவர்களும் உண்டு.

பாண்டி மாமா: நம்ம ஊரில் ஒரு நோட்டே கிடையாது மாப்ளே

சரவணன்: நம்ம நாட்டில் புது லாரிக்கு ஏசி கேபின் கட்டாயம். 2025 அக்டோபர் 1க்கு அப்புறம் தயாராகும் வண்டிக்கு

பாண்டி மாமா: ஏசி போட்டால் முருகன் இன்னும் நன்றாகத் தூங்குவான்

மலர்: மாமா 😐

7.48
செல்வி அத்தை: வனிதா பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது

வனிதா: உங்கள் வீட்டில்தான் அத்தை, தைப்பூசத்தில் இருந்து.

செல்வி அத்தை: இல்லையே

செல்வி அத்தை: இருக்கிறது. மாட்டுத் தண்ணீர் வைத்திருக்கிறார் இவர்

பிரபு: என் மச்சான் சென்னையில் இருந்து காரில் வருகிறான். அவனுக்கு இ-பாஸ் எடுக்கணுமா?

சரவணன்: பழனிக்கு எதுக்கு பாஸ்? கொடைக்கானல் மலை ஏறினால்தான்

7.55
வனிதா: தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் காது குத்துவது? முருகன் வரவேண்டாம் என்கிறீர்களா பெரியப்பா?

ராசு பெரியப்பா: வரவேண்டாம் என்று யார் சொன்னது? ஓட்டவேண்டாம் என்கிறேன். ஒன்று சொல்கிறேன், உங்கள் பெரியம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு பங்குனியில் ரெண்டு பேர் லீவு, மூன்று நாள் தொடர்ந்து டூட்டி. கடைசி சிங்கிள் டிரிப். விடியக்காலை நாலு மணி இருக்கும். பெருமாள்மலைக்குக் கீழே கண்டக்டர் படபடவென்று விசில் அடிக்கிறான். எதுக்குடா என்றேன். நடு ரோட்டில் மாடு என்று நான் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறேன். மாடே இல்லை. அதற்கு முந்தின மூன்று வளைவை நான் எப்படித் திருப்பினேன் என்று இன்றுவரை தெரியாது. கண் திறந்துதான் இருந்தது. பச்சை மிளகாய் கடித்தாலும் டீ குடித்தாலும் அந்த நேரத்தை ஏமாற்ற முடியாது.

வனிதா: ...

செல்வி அத்தை: அண்ணே இது எப்போது

ராசு பெரியப்பா: உன் மகள் சடங்குக்கு முந்தின நாள்.

8.09
மலர்: மதினி, ஒரு யோசனை. அவர் எதுக்கு மலை ஏறணும்? திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் வழியாக நேரே பழனிக்குப் போய்ப் படுக்கட்டுமே. ஏறி இறங்குகிற நேரம் முழுக்கத் தூக்கம்.

சரவணன்: அட

பாண்டி மாமா: மலர் சொன்னதுதான் சரி

வனிதா: பட்டு வேட்டி, சீர்த்தட்டெல்லாம் இங்கே இருக்கிறதே.

மலர்: நான் கொண்டு வருகிறேன் மதினி. தட்டு 7. போன தடவை எண்ணினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

செல்வி அத்தை: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

8.17
பாண்டி மாமா: அப்போ வேனுக்கு யார்? ஆக்டிங் டிரைவர் 1500 கேட்கிறார், சாப்பாடு தனி

சரவணன்: நான் ஓட்டுகிறேன். லைசென்ஸ் வந்து ஆறு மாதம் ஆகிறது

ராசு பெரியப்பா: தம்பி, ஏறுகிற கியரிலேயே இறங்கணும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகி, பழனி ரோட்டில் சவரிக்காடு வருவதற்குள் பிரேக் லைனர் கருகுகிற வாடை அடிக்கும். அப்புறம் மிதித்தால் பெடல் இறங்கும், வண்டி நிற்காது. நியூட்ரலைத் தொடவே கூடாது. இல்லாவிட்டால் நானே ஓட்டுகிறேன்.

பிரபு: அப்பா உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ரெண்டு மாதம்தான்

ராசு பெரியப்பா: இப்போதுதான் நன்றாகத் தெரிகிறது.

9.52
முருகன்: இப்போதுதான் பார்த்தேன். லோடு இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் வந்துவிடுவேன், பயப்படாதீர்கள்

மலர்: பழனிக்குப் போங்கள்

முருகன்: அக்கா?

வனிதா: பழனிக்கே போ தம்பி.

முருகன்: சரி. அடிவாரத்தில் வண்டி போட்டுப் படுக்கிறேன். 8க்கு எழுப்புங்கள். கம்மல் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது

வனிதா: சட்டையைக் கழற்றிப் போட்டுத் தூங்காதே.

9.58
பாண்டி மாமா: ஆக்டிங் டிரைவரிடம் என்ன சொல்ல? 10 மணிக்குள் சொல்லச் சொன்னார்

சரவணன்: நான் ஓட்டுகிறேன்ப்பா

ராசு பெரியப்பா: நான் முன்னால் அவன் பக்கத்தில் உட்காருகிறேன்.

செல்வி அத்தை: அப்போ எனக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு அண்ணே