டவர் ஸ்பீக்கரை வீட்டில் எங்கே நிறுத்தினீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கும்கி_கோவை:

தரையில் நிற்கிற உயரமான டவர் ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் எந்த பிராண்ட், எத்தனை வாட், எந்த ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி) என்று விசாரிக்கிறார்கள். சோபா எந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். என்னைக் கேட்டால் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. என் வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஹால் 14 அடி நீளம், 10 அடி அகலம். தளத்தின் உயரமும் 10 அடி. நம்மூரில் சர்வசாதாரணமான அளவு. ஸ்பீக்கர் இரண்டும் 10 அடிச் சுவர்ப் பக்கம், சோபா எதிர்ச்சுவரை ஒட்டி. பாட்டுப் போட்டால் எனக்குக் கீழ்ச்சத்தம் 'தொம்'மென்று மண்டையில் இறங்கும். ஓர நாற்காலியில் உட்காரும் வீட்டுக்காரம்மாவுக்கோ வேறொரு இடத்தில் வீங்கும். "உங்க பாட்டுல வார்த்தையே கேக்கலையே" என்பாள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஒரே அறையில் இரண்டு பேரும் கேட்டது வேறு வேறு சத்தம்.

அண்டாவில் தண்ணீரை வைத்து ஆட்டிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் ஏறி இறங்கும், நடுவில் மட்டம் அசையாது. அறைக்குள் பேஸும் (அந்தக் கீழ்ச்சத்தம்) அப்படித்தான் தளும்புகிறது. எந்த அதிர்வெண்ணில் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அதைச் சுவருக்குச் சுவர் உள்ள தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 14 அடி என்றால் 40 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரில் விரல் வைக்காமல் மீட்டுகிற தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஏறக்குறைய அதே இடம். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ், அது ஏ கம்பிக்குப் பக்கத்தில். எங்கள் ஹாலில் அகலமும் உயரமும் ஒரே 10 அடி என்பதால் இரண்டு தளும்பலும் அந்த 56-இல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. பத்துக்குப் பத்து படுக்கையறையில் மூன்றுமே ஏறிக்கொள்ளும். அங்கே டவர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம், சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரே போதும் என்பதுதான்.

ஆக, சுவரை ஒட்டி உட்காருகிறவன் எல்லாத் தளும்பலின் உச்சியிலும் உட்காருகிறான். அறைக்கு நட்டநடுவில் உட்கார்ந்தால் நீளவாக்குத் தளும்பல் காணாமலே போய் பேஸ் சப்பென்று ஆகிவிடும். இரண்டுக்கும் இடையில் 38 சதவீதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் முன்னால் காது இருக்க வேண்டும். எங்கள் ஹாலுக்கு ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். ஸ்பீக்கரைத் தொடாமல் சோபாவை மட்டும் முன்னால் இழுத்துப் போட்டோம். அந்த 'தொம்' அடங்கியது. சோபாவுக்குப் பின்னால் கிடைத்த இடத்தில் இப்போது துணி காயப்போடும் ஸ்டாண்டு நிற்கிறது, அதனால் வீட்டிலும் எதிர்ப்பில்லை.

அப்புறம்தான் ஸ்பீக்கரை நகர்த்தினேன். வூஃபரிலிருந்து (பேஸ் தருகிற பெரிய கூம்பு) பின்னால் போகிற பேஸ் சுவரில் பட்டுத் திரும்பி வந்து நேர்ச்சத்தத்தோடு மோதும். வூஃபரின் முகம் சுவரிலிருந்து ஒன்றரை அடியில் இருந்தால் 188 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும், அதாவது அங்கே மட்டும் சத்தம் குறையும். ஆண்குரலின் கனம் உட்காருகிற இடம் அது. மூன்றடி இழுத்தால் பள்ளம் 94-க்கு இறங்கிவிடும், குரல் தப்பிக்கும். ஆடியோ வயர் செய்யும் கார்டஸ் நிறுவனத்தின் ஜார்ஜ் கார்டஸ் கொடுத்த கணக்கு ஒன்றும் உண்டு: பக்கச்சுவரிலிருந்து அறை அகலத்தில் 0.276, பின்னால் உள்ள சுவரிலிருந்து அதே அகலத்தில் 0.447. எங்கள் ஹாலுக்குப் பின்னால் நாலரை அடி வருகிறது. வீட்டில் மனிதர் நடமாட வேண்டாமா? மூன்றடியோடு நிறுத்திக்கொண்டேன்.

அளக்க டேப்கூடத் தேவைப்படவில்லை. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் போட்ட தரையே கிராப் பேப்பர். பக்கச்சுவரிலிருந்து ஒரு டைல்ஸ், பின்னால் ஒன்றரை டைல்ஸ், இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே மூன்று டைல்ஸ். மூலையில் மாஸ்கிங் டேப் ஒட்டி வைத்தால் வீடு கூட்டும்போது நகர்த்தினாலும் அதே இடத்துக்கு வந்துவிடும்.

எந்தப் பாட்டை வைத்துச் சோதிப்பது என்று கேட்பார்கள். எனக்கு மிருதங்கத் தனி போதும். தொப்பியில் (மிருதங்கத்தின் கனத்த நாதப் பக்கம்) கையை அழுத்தி வழுக்கிக் கும்கி இழுக்கும்போது சுருதி வழுக்கிக்கொண்டே ஏறும். அந்த வழுக்கலில் ஓரிடம் மட்டும் புடைத்தாலோ, நடுவில் காணாமல் போய்த் திரும்ப வந்தாலோ அது வித்வானின் கைவேலை இல்லை, அறையின் கைவேலை. ஸ்பீக்கரை உள்பக்கமாக எவ்வளவு திருப்புவது என்பதற்குப் பழைய மோனோ (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வருகிற) சினிமாப் பாட்டு. குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், ஒரு ஆள் நிற்கிற மாதிரி வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். என் வீட்டில் இரண்டு ட்வீட்டரின் (உச்சச் சத்தம் தருகிற சின்னக் குமிழ்) பார்வையும் தலைக்குப் பின்னால் ஓரடியில் சந்திக்கும்படி வைத்ததும் குரல் நின்றது.

மாடிவீட்டு_ரசிகை:

சார், எங்கள் வீடு சென்னையில் அபார்ட்மென்ட், ஹால் எல் வடிவம். இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சுவர், வலதுக்குப் பக்கத்தில் டைனிங் திறப்பு. ஆரம்பத்தில் குரல் நடுவில் நிற்கவே இல்லை, தலையைச் சுற்றி மிதந்தது. பேஸும் இல்லை. அறைக் கோளாறு என்று நினைத்துத் திரை, ஜமுக்காளம் எல்லாம் போட்டுப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால், மாட்டிக் கொடுத்த கடைப் பையன் ஒரு பக்கம் சிவப்பு, கறுப்பு வயரை மாற்றிச் சொருகியிருக்கிறான். ஒரு வூஃபர் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தால் பேஸ் எங்கிருந்து வரும்?

இதைச் சரிபார்க்கச் சுலபமான வழி: ஆம்பை அணைத்து அந்தப் பக்க வயரைக் கழற்றுங்கள். ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு வயரிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். வூஃபர் வெளிப்பக்கம் அசைய வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைந்தால் சரி.

இன்னொன்று, இதை ஆண்கள் யாரும் எழுத மாட்டீர்கள் என்பதால் நான் எழுதுகிறேன். தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற வீட்டில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பெட்டியை நேராகத் தரையில் வைக்காதீர்கள். எங்களுடையதில் அடி ஓரம் அப்பளம் மாதிரி உப்பி வெனீர் பிரிந்துவிட்டது. இப்போது கிச்சன் மேடை வேலையில் மிச்சமான கிரானைட் துண்டை அடியில் போட்டிருக்கிறோம். வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் முன்வலையைக் கழற்றாதீர்கள். வூஃபர் நடுவில் உள்ள குமிழைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் அமுக்கத்தான் தோன்றும்.

ஓட்டுவீட்டுக்காரன்:

தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. உங்கள் கதைக்கு நேர்மாறு. மேலே சாய்ந்த கூரை, ஓட்டுக்கு இடையில் வானம் தெரியும், பேஸ் எல்லாம் அந்த வழியாகத் தெருவுக்குப் போய்விடும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குத் தள்ளிய பிறகுதான் தவில் தவிலாகக் கேட்டது. போர்ட் (பேஸ் வெளியே வர விட்ட ஓட்டை) பின்பக்கம் உள்ள பெட்டி. அந்த ஓட்டைக்குள் பல்லி போய்விடுகிறது, கொசுவலைத் துணியை வெட்டி ஒட்டியிருக்கிறேன். சத்தத்தில் வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சிங்கைத்_தமிழன்:

அண்ணே, சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறேன். ஒரு பக்கம் பாம் ஷெல்டரின் (குண்டுவீச்சிலிருந்து ஒதுங்கும் அறை) கனமான கான்கிரீட் சுவர், எதிர்ப்பக்கம் ஜன்னல். கேட்டுக் கேட்டு நகர்த்த எனக்குப் பொறுமை இல்லை. யூமிக்-1 என்ற அளவு மைக் வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்டு மென்பொருளில் அளந்தேன். காது இருக்கும் இடத்தில் மைக்கை வைத்து அளந்தால் மலையும் பள்ளமும் படமாகவே வந்துவிடும். மலையை ஈக்யூ (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தை ஏற்றி இறக்குவது) போட்டுக் குறைக்கலாம். பள்ளத்தை ஏற்றப் பார்த்தால் ஆம்புதான் திணறும், ஏனென்றால் நேர்ச்சத்தத்தை ஏற்ற ஏற்ற அதை அழிக்கிற எதிரொலியும் கூடவே ஏறும். இடத்தை மாற்றினால்தான் பள்ளம் போகும். இரவில் கீழ்வீட்டுக்காரருக்காகப் போர்ட்டில் பஞ்சு அடைப்பான் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி. பக்கச்சுவரில் ஃபோம் ஒட்டச் சொல்கிறார்கள். ஒருவரைக் கண்ணாடி பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நடக்கவைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்து ட்வீட்டர் தெரிகிற இடத்தில் ஒட்ட வேண்டுமாம். தேவையா? ஸ்பீக்கருக்கு அடியில் மாட்டுகிற கூர்முனை ஸ்பைக் தேவையா என்றும் சொல்லுங்கள்.

கும்கி_கோவை:

தம்பி, கண்ணாடி வைத்து இடம் கண்டுபிடிப்பது சரியான முறைதான். ஒட்ட வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு பேச்சு. கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஹார்மனிலும் வேலை பார்த்த ஃப்ளாய்ட் டூல், பக்கவாட்டில் நல்ல சத்தம் தருகிற ஸ்பீக்கராக இருந்தால் பக்கச்சுவர் எதிரொலி பலருக்குப் பிடிக்கவே செய்கிறது என்கிறார். என் கருத்தும் அதுதான். ஸ்பீக்கரும் நீங்களும் சரியான இடத்துக்கு வந்த பிறகும் சத்தம் கூசினால் ஒட்டுங்கள். அதுவும் ஓரங்குல ஃபோம் உச்சச் சத்தத்தை மட்டும் தின்றுவிட்டுப் பேஸை அப்படியே விட்டுவிடும், அறை இன்னும் மந்தமாகும். முட்டை அட்டை ஒட்டுகிறவர்களைப் பற்றி நான் பேசுவதாக இல்லை. புத்தகம் நிறைந்த அலமாரி ஒன்று அதைவிட நன்றாக வேலை செய்யும்.

ஸ்பைக் என்பது கார்ப்பெட்டைத் துளைத்துக்கொண்டு கீழே உள்ள தரையைப் பிடிப்பதற்கு. நம் வீட்டுக் கான்கிரீட் தளத்தின் மேல், டைல்ஸின் மேல் அது கீறலைத் தவிர எதையும் தராது. ரப்பர் பாதம் போதும். கிரானைட் துண்டு போடுகிறவர்கள் அடியில் ஃபெல்ட் ஒட்டிக்கொண்டால் இருபது, இருபத்தைந்து கிலோ பெட்டியையும் ஒற்றைக் கையால் தள்ளி நகர்த்தலாம். இடம் உறுதியான பிறகு ஃபெல்ட்டை எடுத்துவிடுங்கள். குழந்தைகள் சாய்ந்தால் உயரமான பெட்டி வழுக்கிச் சரியும்.

ரசிகை மேடம், எல் வடிவ ஹாலுக்கு ஒரு யோசனை: முடிந்தால் இரண்டு ஸ்பீக்கரையும் திறப்பிலிருந்து தள்ளி, நீளச்சுவர்ப் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் சுவர் இரண்டு மூன்றடியாவது விலகி நின்றால் இடது வலது வித்தியாசம் குறையும். வயர் எட்டவில்லை என்றால் எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் போதும். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பினால் தடை 0.07 ஓம் அளவுக்குத்தான் வரும், 4 ஓம் ஸ்பீக்கருக்கும் அது பொருட்டில்லை. இந்த முறை சிவப்பு, கறுப்பை நீங்களே மாட்டிவிடுங்கள்.