ஊசியில நூல் கோர்க்க முடியல, வயசு 43. மாமியாருக்கு 71ல கண்ணாடியே வேண்டாமாம், இது எப்படிங்க?

தையல்மெஷின்_திருப்பூர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. வீட்லயே பிளவுஸ், சுடிதார் தைக்கறேன், 20 வருசமாச்சு. ஒரு ஆறு மாசமா ஊசியில நூல் கோர்க்கறதுக்குள்ள உசுரு போயி உசுரு வருது. கருப்புத் துணியில கருப்பு நூல் ஓட்டுனா தையல் எங்க போகுதுன்னே தெரியல, பகல்ல ஜன்னல் வெளிச்சத்துல பரவால்ல, சாயங்காலம் ஆச்சுன்னா கொக்கி வைக்கற வேலையெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்னு மூட்டை கட்டிடறேன். போன்ல மெசேஜ் வந்தா கையை நீட்டி நீட்டிப் பாக்கறேன், பையன் சிரிக்கறான், "அம்மா இன்னும் கொஞ்சம் நீட்டுனா போன் பக்கத்து வீட்டுக்குப் போயிரும்"ங்கறான். ஆனா தூரத்துல வர்ற பஸ் போர்டு பளிச்சுனு தெரியுது.

இதுல எங்க அத்தைக்கு (மாமியார்தான்) 71 வயசு. பல வருசமா கண்ணாடி போட்டுத்தான் பேப்பர் படிப்பாங்க, இப்ப நாலஞ்சு மாசமா கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு தினத்தந்தியில இருக்கற பொடி எழுத்தெல்லாம் படிக்கறாங்க. அவங்கதான் எனக்கு நூல் கோர்த்துத் தர்றாங்கன்னா பாத்துக்கங்க. நாங்க தின்ன கம்பும் ராகியும் அப்படின்னு தெனமும் ஒரு பாட்டு வேற. கண்ணாடி போட்டா பழகிரும், அப்புறம் கழட்டவே முடியாதுன்னு என்னையும் போட விடல, ஸ்கூல்ல செக் பண்ணி பையனுக்கு (6ஆம் வகுப்பு) தூரம் சரியாத் தெரியல, மைனஸ் 1.5 பவர்னு எழுதிக் குடுத்த சீட்டும் ரெண்டு மாசமா ஃப்ரிட்ஜ் மேல கெடக்குது.

கண்ணாடி போட்டா பவர் ஏறிட்டே போகுமா? கடைவீதியில 150 ரூபாய்க்கு விக்கற ரெடிமேட் கண்ணாடி வாங்கலாமா? அத்தைக்கு மட்டும் பார்வை எப்படித் திரும்பி வந்துச்சு? அந்த ரகசியம் எனக்கும் வேணுமுங்க.

கீரைக்கட்டு:

சிம்பிள் மேட்டர். தினமும் ஒரு கேரட், பொன்னாங்கண்ணிக் கீரை 48 நாள், காலையில கண்ணை வட்டமா சுத்தற பயிற்சி. கண்ணாடியைத் தூக்கிப் போட்டுடலாம். கண்ணாடிக்கடைக்காரங்க இதையெல்லாம் சொல்ல மாட்டாங்க.

சோடாபுட்டி78:

வாங்க வாங்க, நம்ம கட்சிக்கு வந்துட்டீங்க. நான் 5ஆம் வகுப்புல போட ஆரம்பிச்சேன், அதுவரைக்கும் போர்டுல சாக்பீஸ் எழுத்து எல்லாருக்குமே கலங்கலாதான் தெரியும்னு நெனச்சுட்டு இருந்தேன். முதல் நாள் கண்ணாடி போட்டுட்டு வெளிய வந்தப்ப வேப்பமரத்துல இலை தனித்தனியா தெரிஞ்சுது பாருங்க, இன்னும் மறக்கல. அதுக்கு முன்னாடி மரம்னா எனக்கு ஒரு பச்சை உருண்டை, அவ்ளோதான். அதனால உங்க பையன் சீட்டை முதல்ல ஃப்ரிட்ஜ் மேல இருந்து எடுங்க, அவனுக்கு என்ன தெரியலங்கறது அவனுக்கே தெரியாது.

இப்ப எனக்கு 47, பவர் மைனஸ் 4.5. இந்த வயசுலதான் எங்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம், படிக்கணும்னா கண்ணாடியைக் கழட்டிட்டு ஒரு ஜாண் தூரத்துல புக்கை வெச்சா போதும், பளிச்சுனு தெரியும். என்னை சோடாபுட்டின்னு கூப்பிட்ட பசங்க எல்லாம் இன்னிக்கு ஹோட்டல்ல மெனு கார்டை என்கிட்ட குடுத்து "என்ன இருக்குன்னு படிடா"ங்கறானுங்க.

புரோகிரஸிவ் லென்ஸ் (தூரம், கிட்டம் ரெண்டும் ஒரே கண்ணாடியில கோடு இல்லாம வர்றது) எடுத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? நான் எடுத்து முதல் வாரம் மாடிப்படி இறங்கறப்ப தரை மெதக்கற மாதிரி இருந்துச்சு, ரெண்டு தடவை விழப் பாத்தேன்.

லென்ஸ்கடை_நெல்லை:

தங்கச்சி, நான் ஆப்டோமெட்ரி (கண்ணு பவர் பாக்குத படிப்பு) படிச்சிட்டு 22 வருசமா கடை வச்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாத்தான் சொல்லுதேன், பொறுத்துக்கிடுங்க.

உங்களுக்கு வந்திருக்கது வெள்ளெழுத்து. எங்க பாட்டி சாளேசரம்னு சொல்லும், இந்தியில சாலீஸ்னா நாப்பது, அதுல இருந்து வந்த பேருதான், பேருலயே வயசு இருக்கு பாருங்க. கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு, கிட்ட பாக்கும்போது அது உப்பணும், தூரம் பாக்கும்போது தட்டையாவணும். சின்னப் பிள்ளையில அது ஜெல்லி மாதிரி கிடக்கும், வயசாக ஆக இறுகிட்டே வரும். 40 தாண்டும்போது கையில இருக்க பொருளுக்கு உப்புத அளவுக்கு வளையாது. வெளிச்சம் நல்லா இருந்தா கருவிழி நடுவுல இருக்க பாப்பா சுருங்கும், கொஞ்சம் தெளிவாத் தெரியும், அதான் ஜன்னல் பக்கம் உங்களுக்குப் பரவால்லங்கியது. கீரைக்கட்டு தம்பி, கேரட்டுல கிடைக்கியது வைட்டமின் ஏ, அது இல்லன்னா மாலைக்கண் வரும், கீரை தின்னுங்க வேண்டாங்கல, ஆனா இறுகிப்போன லென்ஸ் கீரைக்கு இளகாது.

கண்ணாடி போட்டா பவர் ஏறுமாங்கிய கேள்விய வாரத்துக்கு பத்து பேராவது கேக்காவ. கண்ணாடி போட்டாலும் ஏறும், போடாட்டியும் ஏறும். உங்க வயசுல பிளஸ் 1, 1.25 வாக்குல ஆரம்பிக்கும், 50ல 2 பக்கம் வரும், 60 வாக்குல 2.5ல நின்னுரும். கண்ணாடிய நிறுத்துனா இப்ப தெரியியது அதே மங்கல்தான், ஆனா இடையில தெளிவாப் பாத்து ருசி கண்டாச்சுல்லா, அதனால மோசமான மாதிரி இருக்கும்.

ரெடிமேட் கண்ணாடி போட்டா கண்ணு கெட்டுப்போவாது. ஆனா அதுல ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர், கோணலா இருக்க பார்வைய சரி பண்ணுத சிலிண்டர் பவர் கிடையாது, லென்ஸோட நடு உங்க பாப்பாவுக்கு நேரா வராது. அஞ்சு நிமிஷம் பில்லு பாக்க சரி, எட்டு மணி நேரம் தைக்கதுக்கு சரி வராது, தலைவலிதாம் மிச்சம்.

இன்னொண்ணு, தையக்காரங்க யாரும் செய்யாத வேலை. உங்ககிட்ட இன்ச் டேப் இருக்கும்லா, மெஷின்ல எப்பவும் போல உக்காந்து கண்ணுல இருந்து ஊசி எத்தன இன்ச்சுன்னு அளந்து எழுதிட்டுப் போங்க. கொக்கி வைக்கும்போது மடியில இருந்து எத்தனன்னும் அளங்க. பெரும்பாலும் எல்லாரும் புஸ்தகம் படிக்கிய தூரத்துக்கு, 14, 16 இன்ச்சுக்கு வச்சு எழுதிக் குடுத்துருவாவ. மெஷின் ஊசி அதைவிட தள்ளி இருந்தா அந்தக் கண்ணாடியில நீங்க குனிஞ்சுக்கிட்டே தைக்கணும், கழுத்து போயிரும்.

பையன் விசயம் வேற. அவனுக்கு கண்ணு உருண்டை நீளமா வளருது, ஒரு மில்லிமீட்டர் கூடுனா ரெண்டரை பவருக்கு மேல மைனஸ் ஏறிரும். கண்ணாடி போடாம இருந்தா அந்த வளர்ச்சி நிக்காது, பவரைக் குறைச்சுப் போட்டா ஏறாதுன்னும் ஒரு நினைப்பு உண்டு, மலேசியாவுல பிள்ளையள வச்சுப் பாத்ததுல குறைச்சுப் போட்டவங்களுக்குத்தாம் கூடுதலா ஏறுச்சு. தினம் ரெண்டு மணி நேரம் வெளிய வெளிச்சத்துல விளையாட விடுங்க, அது மைனஸ் வராம தடுக்க உதவும்னு நல்லாவே நிரூபிச்சிருக்காவ.

இப்ப உங்க அத்தை. தங்கச்சி, எனக்கு அங்கதாம் இடிக்குது. டிவி மங்கலாத் தெரியுதா? ராத்திரி வண்டி லைட்டு பட்டா கண்ணு கூசுதா? வெள்ளைத் துணி பழுப்பாத் தெரியுதுங்காவளா? சுகர் இருக்கா?

தையல்மெஷின்_திருப்பூர்:

அண்ணா, சுகர் இல்லீங்க, போன மாசம்தான் பாத்தோம். ஆனா டிவி பக்கத்துல சேர் போட்டுத்தான் உக்காரறாங்க, காது கேக்கலன்னு நெனச்சோம். போன வாரம் ஒரு வெள்ளை பிளவுஸ் துணியை சந்தன கலர்னு சொல்லி என்கூட சண்டை.

லென்ஸ்கடை_நெல்லை:

அப்பம் கண்புரையா இருக்கத்தாம் வாய்ப்பு. லென்ஸோட நடு கெட்டியாகி பழுப்பேறுத வகை ஒண்ணு உண்டு. கெட்டியாவும்போது வெளிச்சத்தை அதிகமா வளைக்கும், அதனால கண்ணு மைனஸ் பக்கம் போயிரும், கிட்டத்துல கண்ணாடி இல்லாம தெரியும், தூரம் மங்கும். அவங்களுக்கும் சோடாபுட்டி அண்ணன் மாதிரி ஆயிருச்சுன்னு வச்சுக்கிடுங்க. கம்பு ராகியெல்லாம் இல்ல. கொஞ்ச காலம் போனா இந்தக் கிட்டப் பார்வையும் மங்கிரும். நான் நேர்ல பாக்கல, அதனால கூட்டிட்டுப் போயி டாக்டர்ட்ட காமிங்க, பாப்பாவை விரிச்சுப் பாக்கச் சொல்லுங்க.

மாட்டுத்தாவணி:

எங்கம்மாவுக்கும் இதே கதைதான். 1976ல மதுரையில 11 பெட்டோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இப்ப கோயம்புத்தூர்லயும் இருக்கு, உங்களுக்குப் பக்கம். அவங்க நடத்தற கண் கேம்ப்ல போனா ஆபரேஷன் இலவசம். ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வைக்கற லென்ஸும் 1992ல இருந்து மதுரையிலயே தயாராகுது, வெளிநாட்டு லென்ஸ் விலைக்கு பயந்த காலமெல்லாம் போச்சு. பயப்படாம போங்க.

தையல்மெஷின்_திருப்பூர்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க, முகூர்த்த சீசன், பிளவுஸ் குவிஞ்சு போச்சு.

அண்ணா சொன்ன மாதிரியே அளந்தேனுங்க, மெஷின்ல 18 இன்ச், மடியில 13. பரிசோதனை பண்ணுன பொண்ணு சீட்டைப் பாத்துட்டு "அக்கா யாரு இப்படி அளந்துட்டு வரச் சொன்னா"ன்னு கேட்டுச்சு. மெஷினுக்குன்னு பிளஸ் 1 குடுத்திருக்காங்க, கொக்கி வேலைக்கும் வெளிச்சம் இருந்தா அதுவே போதுது. முதல் நாள் போட்டுட்டு நான் முன்னாடி தெச்ச பிளவுஸ் ஒண்ணைப் பாத்தேன், ஐயோ, அந்தத் தையலைக் குடுத்துட்டா காசு வாங்குனேன். பையனும் போட்டுட்டான், கிரிக்கெட்ல பந்து இப்பத்தான் தெரியுதாமா.

அத்தைக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, வலது கண்ணு முத்தியிருக்கு. ஆபரேஷன் பண்ணி தூரத்துக்குத் தெரியற லென்ஸ் வெச்சா கிட்டத்துக்குக் கண்ணாடி போடோணும்னு டாக்டர் சொன்னாரு. இவங்க உடனே "நூல் கோர்க்கறதுக்கு?"ன்னு கேட்டாங்க. அதுக்கும் கண்ணாடிதான் பாட்டின்னாரு. கிட்டத்துக்குத் தெரியற பவர்லயும் வெக்கலாமாம், அப்ப தூரத்துக்குக் கண்ணாடி வேணும். "அப்ப கிட்டத்துக்கே வெச்சிருங்க சாமி, டிவியில என்னத்தைப் பெருசா பாக்கப் போறேன்"னுட்டாங்க.

இப்ப வீட்ல ரெண்டு கட்சி. தூரத்துக்கு வெச்சாத்தான் ரோட்ல நடக்கறதுக்கு நல்லதுங்கறாரு எங்க வீட்டுக்காரர். கிட்டத்துக்கு வெச்சுட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, வர்ற புதன்கிழமை லென்ஸுக்குக் கண்ணு அளவு எடுக்கப் போறோம்.