பழைய பருத்திச் சேலையில் சயனோடைப் அச்சு மஞ்சளாகிறது: உதவி தேவை

வணக்கம். டொராண்டோவில் ஒரு குழுக் கண்காட்சிக்காக வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் விட்டுவந்த வீடுகளை முதியவர்கள் நினைவிலிருந்து வரைந்து தருகிறார்கள். அவற்றை அவர்களுடைய பழைய பருத்திச் சேலைகளிலேயே சயனோடைப் முறையில் (இரும்பு உப்புக் கரைசல் பூசி, வெயில் காட்டி நீல அச்செடுக்கும் முறை) அச்சிடுகிறேன். யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் இடம்பெயர்ந்தவர்களின் வீட்டு வரைபடங்களைத் திரட்டி 2011இல் வெளியிட்ட நூல்தான் உந்துதல். பலர் கிணற்றடியைத்தான் முதலில் வரைகிறார்கள், அறைகள் அப்புறம்தான்.

சிக்கல் இதுதான்: அச்சு முதலில் நல்ல கருநீலமாக வருகிறது. அலசிக் காயவைத்துச் சில வாரங்களில் திட்டுத்திட்டாக வெளிறி மஞ்சளாகிவிடுகிறது. கரைசல் வழக்கமானது: ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு. வெயிலில்தான் காட்டுகிறேன்.

ஒளியால் வெளிறிய நீலம் இருட்டில் வைத்தால் பெரும்பாலும் திரும்பும் என்பதால் அலமாரியில் மூடி வைத்துப் பார்த்தேன். திட்டுகள் மாறவில்லை. கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் சேர்த்தேன்; வெளிறுவது தள்ளிப்போனது, நிற்கவில்லை. புதுப் பருத்தித் துணியில் அதே கரைசல் நன்றாகவே நிற்கிறது. ஆக, பல வருடம் சவர்க்காரம் போட்டுத் துவைத்ததில் இழைக்குள் தங்கிய காரம்தான் காரணமாக இருக்க வேண்டும். காரம் பட்டால் இந்த நீலம் சிதையும். கொதிக்க வைக்கப் பயமாக இருக்கிறது. நூல் நைந்த சேலைகள், சில ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று உடுத்தியவை. வேறு துணிக்கு மாற எனக்கு மனமில்லை.

நைந்த பருத்தி கிழியாமல், கரைசல் பூசுவதற்கு முன்பே அந்தக் காரத்தை முழுதாக எடுப்பது எப்படி?