டர்பனுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு: பிள்ளை பள்ளி பேண்டில் ட்ராம்போன் எடுத்திருந்தால்

உம்ஷ்லாங்காவிலிருந்து கேட்டிருந்த அண்ணனுக்கு வணக்கம்.

திருச்சியிலிருந்து தென்னாப்பிரிக்கா வந்து இன்னும் சாமான்கூட முழுசாகப் பிரிக்கவில்லை, அதற்குள் எட்டாம் வகுப்புப் பையன் கையில் பள்ளியில் ஒரு ட்ராம்போனை (ஸ்லைடு என்ற குழாயை முன்னும் பின்னும் இழுத்து வாசிக்கும் பித்தளை ஊதுகருவி) கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அவனுக்கோ அதை விட மனசில்லை என்று எழுதியிருந்தீர்கள். வயலினுக்கோ கீபோர்டுக்கோ மாற்றச் சொல்லலாமா, இதை வைத்து நாளைக்குப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் பதில். என் மகளும் இங்கே பள்ளி பேண்டில் ட்ராம்போனில் தொடங்கியவள், இப்போது இசை படிக்கிறாள். அவளால்தான் இந்த உலகம் எனக்குப் பழக்கம். பிழைப்பைப் பற்றி மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட முடியாது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்கத்திய இசை வாசிக்கும் ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் மட்டும் முப்பது பேர் வரை இருப்பார்கள். ட்ராம்போனுக்குப் பெரும்பாலும் மூன்றே நாற்காலி: இரண்டு டெனார், கீழ் ஸ்வரங்களுக்கு ஒரு பாஸ். இந்த நாட்டில் அப்படிப்பட்ட பெரிய ஆர்கெஸ்ட்ராக்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை. நம் டர்பனில் 1983ல் தொடங்கிய குவாசூலு-நட்டால் பில்ஹார்மானிக் இருக்கிறது. 1914ல் நகராட்சிக் குழுவாகத் தொடங்கியது கேப் டவுன் பில்ஹார்மானிக். அப்புறம் ஜோஹன்னஸ்பர்க் பில்ஹார்மானிக். இதில் ஒருவர் இடம் பிடித்துவிட்டால் லேசில் எழுந்திருக்க மாட்டார். நியூயார்க் பில்ஹார்மானிக்கில் ஜோசப் அலெஸ்ஸி முதல் ட்ராம்போனாக, அதாவது அந்தப் பிரிவின் தலைமை இடத்துக்கு, வந்தது 1985ல். சிகாகோவில் ஜே ப்ரீட்மன் 1964ல் முதல் இடத்துக்கு வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே வாசித்தார். இடம் காலியாவதற்காக ஒரு தலைமுறையே காத்திருக்க வேண்டிய தொழில் இது.

குழுவே நிலைக்குமா என்ற கவலையும் இங்கே உண்டு. பழைய நிறவெறி ஆட்சியில் அரசு மானியம் தாராளமாக வந்தது, ஆனால் மேடையில் இருந்தவர்கள் வெள்ளையர்கள் மட்டும் என்றே சொல்லலாம். 1994க்குப் பிறகு அந்தப் பணம் வற்றியது. ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்த தேசிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 2000ல் மூடப்பட்டது. அதில் வாசித்தவர்கள் சேர்ந்து தொடங்கிய ஜோஹன்னஸ்பர்க் பில்ஹார்மானிக்கும் நடுவில் நின்றுபோய், 2017ல்தான் மறுபடி எழுந்தது. 2022ல் ம்சான்சி தேசிய பில்ஹார்மானிக் என்று ஒன்று தொடங்கியிருப்பது நல்ல செய்தி.

அப்புறம் ஏன் மாற்ற வேண்டாம் என்கிறேன்? அந்த மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். வயலினுக்கும் பியானோவுக்கும் நான்கைந்து வயதிலேயே தனி வாத்தியார் வைத்தாக வேண்டும் என்பார்கள். ட்ராம்போனின் வழி வேறு. சின்னக் குழந்தையின் கை ஸ்லைடின் கடைசி நிலைகளுக்கு எட்டவே எட்டாது. அதனால் பத்துப் பன்னிரண்டு வயதில், பள்ளியிலோ சர்ச்சிலோ யாரோ கையில் கொடுத்ததால் தொடங்கியவர்கள்தான் அதிகம். உங்கள் பையன் எங்கே தொடங்கியிருக்கிறானோ, உலகத்தின் நல்ல ட்ராம்போன்காரர்களில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்கியது.

இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கங்களும் துணி மில்களும் தங்கள் தொழிலாளர்களுக்காக பிராஸ் பேண்டு, அதாவது பித்தளை ஊதுகருவிக் குழு, நடத்தின. யார்க்கில் 1964ல் பிறந்த இயன் பௌஸ்பீல்டு அந்த பேண்டுகளில் வளர்ந்தவர். 1988ல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் முதல் ட்ராம்போன் ஆனார், 2000ல் வியன்னா பில்ஹார்மானிக்குக்குப் போனார். வெளியூர்க்காரரை லேசில் சேர்த்துக்கொள்ளாத குழு அது. அவருக்குப் பிறகு லண்டனில் அந்த இடத்துக்கு வந்த டட்லி பிரைட், கிறிஸ்தவ அமைப்பான இரட்சணிய சேனையின் பேண்டுக்காரர். நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சேனையையும் அதன் பேண்டையும் நான் விளக்க வேண்டியதில்லை. 1883லிருந்து அது தென்னாப்பிரிக்காவிலும் இருக்கிறது. நம் ஊர் சர்ச் பேண்டில் ஊதிய மாமாவின் பழக்கமும் லண்டன் மேடையில் உட்கார்ந்தவரின் பழக்கமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

இந்த நாட்டுக்கென்று ஒரு வழியும் உண்டு. கேப் பக்கத்தில் கெனாடெண்டால் என்ற ஊரில் மொராவியன் சபையினர் 18ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறார்கள். ட்ராம்போன்கள் சேர்ந்து ஞானப்பாட்டு வாசிப்பது ஜெர்மனியிலிருந்து வந்த அந்தச் சபையின் பழைய வழக்கம். மேற்குக் கேப்பில் ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுடைய பேண்டு வாசிப்பதை வாய்ப்புக் கிடைத்தால் போய்க் கேளுங்கள். 1997ல் தொடங்கிய ஃபீல்டு பேண்டு ஃபவுண்டேஷன் வசதியில்லாத பகுதிகளின் பிள்ளைகளுக்கு பிராஸ் கருவிகளைக் கொடுத்துக் கற்றுத்தருகிறது.

ஜோனஸ் குவாங்வாவின் பெயரைப் பையனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1937ல் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து ஆர்லாண்டோவில் பிறந்தவர். ட்ரெவர் ஹடில்ஸ்டன் என்ற பாதிரியார் பள்ளிப் பையன்களுக்குக் கருவிகள் தேடிக் கொடுத்து ஒரு பேண்டு அமைத்தார்; ஹியூ மசெகெலா ட்ரம்பெட் ஊதிய அதே பேண்டில்தான் இவர் கைக்கு ட்ராம்போன் வந்தது. பிறகு நியூயார்க்கில் மன்ஹாட்டன் இசைப் பள்ளியில் படிப்பு, நீண்ட நாடுகடந்த வாழ்க்கை, ஒரு படத்தின் இசைக்காக ஆஸ்கர் பரிந்துரை. ஆர்கெஸ்ட்ரா நாற்காலியில் அல்ல, ஜாஸிலும் விடுதலை இயக்கத்தின் மேடைகளிலும் அமைந்தது அவர் வாழ்க்கை. ஒரு ட்ராம்போன் எத்தனை திசையில் இட்டுச்செல்லும் என்று காட்ட இங்கே அவரைவிட நல்ல ஆள் இல்லை.

தாமதமாகத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். ஸ்வீடனின் கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் பதினேழு வயதில்தான் ட்ராம்போனைத் தொட்டார், பத்தொன்பதில் ஸ்டாக்ஹோம் ராயல் ஆபரா ஆர்கெஸ்ட்ராவில் வேலைக்குச் சேர்ந்தார், சீக்கிரமே அதை விட்டுவிட்டுத் தனிக்கச்சேரிக்காரர் ஆனார். மறுபக்கம் பீட்டர் மூர், 2008ல் பிபிசியின் இளம் இசைக்கலைஞர் போட்டியில் பன்னிரண்டு வயதில் வென்று, பதினெட்டில் லண்டன் சிம்பொனிக்குப் போனவர். இசைக் குடும்பத்துப் பிள்ளைகள் இல்லாமலும் இல்லை, அலெஸ்ஸியே அப்படி ஒரு வீட்டில் பிறந்தவர்தான். ஆனால் அது நுழைவுச்சீட்டு கிடையாது.

இன்னொருவரையும் சொல்ல ஆசை. கோள்களைப் பற்றிய இசையால் உலகம் அறிந்த குஸ்டாவ் ஹோல்ஸ்ட். கையில் நரம்பு வலி வந்து பியானோவில் பெரிய ஆளாகும் கனவு போனது. ஆஸ்துமாவுக்கு நல்லது என்று அவர் அப்பா ட்ராம்போனைக் கொடுத்திருந்தார். ஆபரா கம்பெனியிலும் ஸ்காட்லாந்து ஆர்கெஸ்ட்ராவிலும் அதை ஊதித்தான் வயிறு கழுவினார், பிறகு பள்ளி வாத்தியார் வேலை. சமஸ்கிருதம் கற்று ரிக் வேதப் பாடல்களுக்கு இசையமைத்தவரும் இவரே.

வேலை எப்படிப்பட்டது என்பதையும் பையன் தெரிந்துகொள்ளட்டும். ட்ராம்போன்காரரின் பாதி வேலை சும்மா உட்கார்ந்திருப்பது. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி 1808ல் முதலில் ஒலித்தபோது, அதில் மூன்று ட்ராம்போன்களுக்கும் கடைசிப் பகுதி வரை ஒரு ஸ்வரம் கிடையாது. பிராம்ஸின் முதல் சிம்பொனியிலும் அப்படித்தான். அரை மணி நேரம் கணக்கு வைத்துக்கொண்டு காத்திருந்து, ஆறிப்போன உதட்டோடு மெதுவாக, சுத்தமாக ஒரு ஞானப்பாட்டுபோல எழ வேண்டும். பிசகினால் அரங்கம் முழுக்கக் கேட்கும். பொறுமையும் நிதானமும் உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். உங்கள் பையன் அமைதியான சுபாவம் என்று எழுதியிருந்தீர்கள், அதனாலேயே எனக்கு நம்பிக்கை.

ஆடிஷன் என்பது ஆள் எடுக்க வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் தேர்வு, பல இடங்களில் திரைக்குப் பின்னால் நடக்கும். பெர்டினாண்ட் டேவிடின் கான்செர்டினோவில் ஒரு பகுதி, மொஸார்ட்டின் ரெக்வியமில் வரும் தனிவாசிப்பு, ரவேலின் பொலேரோவில் உச்சத்தில் தொடங்கும் அந்த வரி, இவை உலகம் முழுக்க ட்ராம்போன்காரர்களுக்கு மனப்பாடம். சில நிமிடம் வாசிப்பதற்குப் பல வருட உழைப்பு.

இங்கே வழி இப்படிப் போகும். பத்தாம் வகுப்பில் இசையை ஒரு பாடமாக எடுத்து மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) வரை கொண்டுபோகலாம், பள்ளியில் அந்தப் பாடம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். கூடவே யுனிசா, ஏபிஆர்எஸ்எம், ட்ரினிட்டி என்ற தேர்வு அமைப்புகளில் ஒன்றின் இசை கிரேடு தேர்வுகள், எட்டு வரை. சனிக்கிழமைகளில் இளையோர் ஆர்கெஸ்ட்ரா எங்கே ஒத்திகை நடத்துகிறது என்று பள்ளியிலேயே சொல்வார்கள். 1964லிருந்து தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ராவும் இருக்கிறது. அதற்குப் பிறகு பல்கலைக்கழகம்: கேப் டவுன், ஸ்டெலன்பாஷ், பிரிட்டோரியா, அல்லது வீட்டிலிருந்தே போய்வர நம் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹவர்ட் காலேஜ் வளாகம். அங்கே ஜாஸ் படிப்பு 1980களிலேயே வந்துவிட்டது.

படித்து முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள்? நான் பார்த்தவரை யாரும் ஒரே வேலையில் இல்லை. ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆள் தேவைப்படும்போது கூப்பிடுவார்கள், அட் ஹாக் என்பது இங்கே சொல்லும் பெயர். பாஸ் ட்ராம்போனும் வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்த அழைப்பு கூடுதலாக வரும். இரண்டு மூன்று பள்ளிகளில் பிராஸ் வகுப்பு, நாடக அரங்கில் இசை, வார இறுதியில் விழாக்கள். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வேண்டும் என்றால் ராணுவம், கடற்படை, போலீஸ் பேண்டுகள். ராணுவத்துக்குக் குடியுரிமை வேண்டும் என்பதை மனதில் வையுங்கள். கற்றுக்கொடுப்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். எமரி ரெமிங்டன் என்பவர் 1922லிருந்து 1971 வரை அமெரிக்காவின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் ட்ராம்போன் கற்றுக்கொடுத்தார். அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்கள் நெடுக அவர் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் போட்டுக்கொடுத்த காலைப் பயிற்சியை என் மகளும் தினம் வாசிக்கிறாள்.

விசா விஷயத்தில் அசட்டையாக இருந்துவிட வேண்டாம். பிள்ளை இப்போது உங்கள் விசாவை ஒட்டி இருக்கிறான். மெட்ரிக் முடித்ததும் படிக்கவும் வேலை செய்யவும் அவனுக்கென்று தனி அனுமதி தேவைப்படும். வேலை விசாவில் தொடர்ந்து ஐந்து ஆண்டு ஆனதும் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. தேதியைத் தள்ளிப்போடாமல் குடும்பமாக விண்ணப்பித்துவிடுங்கள். கையில் எத்தனை திறமை இருந்தாலும் தாள் இல்லாமல் எந்தக் குழுவும் சம்பளம் கொடுக்க முடியாது.

கீழே வந்திருந்த கேள்விகளுக்கு:

நம் டர்பன் ஃபீனிக்ஸில் இருக்கும் தங்கை, பெண் பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று கேட்டிருந்தார். ஒத்துவரும். அபி கோனன்ட் என்ற அமெரிக்கப் பெண்ணின் கதையை மகளுக்குச் சொல்லுங்கள் தங்கச்சி. 1980ல் மியூனிக் பில்ஹார்மானிக் ஆடிஷன். வந்தவர்கள் 33 பேர், வாசித்தது திரைக்குப் பின்னால். அவர் வாசித்து முடித்ததும் இவர்தான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள். திரை விலகியபோது பெண் நின்றாள். ஒரு வருடம் முதல் ட்ராம்போனாக வாசித்து முடித்த பிறகு, 1982ல் அவரை இரண்டாம் இடத்துக்கு இறக்கினார்கள். உடல் பலம் போதாது என்று காரணம். அவர் மருத்துவமனையில் நுரையீரலை அளந்து காட்டினார், கோர்ட்டுக்குப் போனார், முதல் இடத்தைத் திரும்பப் பெற்றார். ஆண்களுக்குச் சமமான சம்பளத்துக்காகவும் வழக்கை நடத்தி 1993ல் முடித்தார். பிறகு ஜெர்மனியிலேயே ட்ராசிங்கன் இசைப் பள்ளியில் பேராசிரியர். இன்று பிபிசி சிம்பொனியில் ஹெலன் வோலம் முதல் ட்ராம்போனாக இருந்து வாசிப்பதை உங்கள் மகள் யூடியூபில் பார்க்கட்டும். மூச்சு பழக்கத்தால் வருவது, மீசையால் வருவது அல்ல.

பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறதே என்று கேட்ட அக்காவுக்கு: ட்ரம்பெட்டைவிட ட்ராம்போனின் வாய்ப்பகுதி பெரியது, அதனால் கம்பியோடும் சமாளிக்கலாம். முதல் சில வாரம் உதடு வலிக்கும், பல் டாக்டரிடம் மெழுகு கேட்டு வாங்குங்கள். கை எட்டவில்லை என்றால் எஃப் வால்வு உள்ள கருவியாகப் பார்க்கலாம், ஸ்லைடை முழுக்க நீட்டாமலே கீழ் ஸ்வரங்கள் வரும். அதுவரை பள்ளிக் கருவியே போதும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பிளாஸ்டிக் ட்ராம்போன் விலையும் குறைவு, எடையும் குறைவு.

காம்ப்ளெக்ஸில் பக்கத்து வீட்டார் புகார் சொல்வார்களோ என்ற பயத்துக்கு: சத்தத்தைக் குறைக்கும் பயிற்சி மியூட் ஒன்று வாங்குங்கள், ஆனால் தினமும் அதோடே ஊதவிடாதீர்கள், ஊதும் விதமே கெட்டுப்போகும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நீங்களே முதலில் போய்ச் சொல்லி, எந்த நேரம் பரவாயில்லை என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இங்கே மனிதர்கள் அதற்கு மரியாதை கொடுப்பார்கள். கருவியைக் காரின் டிக்கியில் விட்டுவிட்டு எங்கும் இறங்காதீர்கள். வீட்டு இன்சூரன்ஸில் ஆல் ரிஸ்க் பகுதியில் அதன் சீரியல் நம்பரோடு தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு வெளியே தொலைந்ததற்குக் காசு வராது. ஸ்லைடில் சின்னச் சொட்டை விழுந்தாலும் ஓட்டம் சிக்கும். எனவே பள்ளிக்குத் துணிப்பையில் அனுப்பாதீர்கள், கெட்டிப் பெட்டி வாங்கிக் கொடுங்கள்.