கேட்டின் ஒன்பது உயிர்கள்: கோட்டையில் ஒருவர்கூட வாயைத் திறக்காதது ஏன்?

செம்பருத்தி:

டயானா வின் ஜோன்ஸ் 1977-இல் எழுதிய 'சார்ம்டு லைஃப்' நாவலை அண்ணன் மகளோடு சேர்ந்து படித்து முடித்தேன். இனிமேல்தான் படிக்கப்போகிறேன் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன்.

கதை சுருக்கமாக. மந்திரம் சர்வசாதாரணமாகப் புழங்கும் ஓர் இங்கிலாந்து. அப்பா அம்மா நீராவிப் படகு விபத்தில் இறந்துவிட, அக்கா க்வென்டோலினையும் தம்பி கேட் (Cat) என்பவனையும் கிரெஸ்டோமான்சி தன் கோட்டைக்கு அழைத்துப் போகிறார். கிரெஸ்டோமான்சி என்பது ஒரு பதவி, மந்திரத்தை யாரும் தவறாகப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளும் அரசு வேலை. அக்கா பெரிய மந்திரக்காரி, தம்பிக்கு ஒன்றும் வராது என்று கேட் நம்புகிறான். படிக்கும் நாமும் நம்புகிறோம். உண்மை நேர்மாறு. கேட்டுக்கு ஒன்பது உயிர். அவனுடைய சக்தியை எடுத்துத்தான் அவள் இத்தனை ஆட்டம் போட்டிருக்கிறாள். அவன் உயிர்களை ஒரு காகிதத் தீக்குச்சி அட்டைக்குள் அடைத்து வைத்து, ஒவ்வொன்றாகச் செலவழித்தும் இருக்கிறாள்.

என் கோபம் க்வென்டோலின் மேல் இல்லை. அவள் கெட்டவள் என்பதைக் கதையே சொல்லிவிடுகிறது. கோபமெல்லாம் கோட்டையில் இருக்கும் பெரியவர்கள் மேல்தான். கேட்டிடம் அபார சக்தி இருப்பதை அவர்கள் முன்பே ஊகித்திருக்கிறார்கள். அது அவனுக்கே தெரியாது என்பதைத்தான் ஊகிக்கவில்லை. யாராவது ஒருவர் அவனை உட்கார வைத்து, "உனக்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டிருந்தால், அவன் அந்த அட்டையிலிருந்து ஒரு குச்சியை உரசி, தானே தீப்பற்றி எரியும் நிலை வந்திருக்காது. ஆனால் நாவல் கோட்டையை நல்ல வீடாகவே காட்டி முடிகிறது. பத்து வயதுக் குழந்தையிடம் கொடுக்கும் புத்தகத்தில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேப்பமரம்:

"கேட்டிருந்தால்" என்கிறீர்கள். சரி, கேட்டிருந்தால் கேட் என்ன சொல்லியிருப்பான்? அக்காவைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருப்பான். படகு கவிழ்ந்தபோது அவன் யாரைப் பிடித்துக்கொண்டான் என்று யோசியுங்கள். மந்திரக்காரி தண்ணீரில் மூழ்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் அக்காவைக் கட்டிக்கொண்ட பையன் அவன். அவனுக்கு உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆள் அவள்தான். தேவாலயத்தில் பிரார்த்தனை நேரத்தில் கண்ணாடி ஜன்னலில் இருக்கும் புனிதர்களுக்கு உயிர் கொடுத்துச் சண்டை போட வைக்கிறாள். தோட்டத்து மரங்களைப் புல்வெளிக்கு நகர்த்துகிறாள். அடுத்து என்ன வம்பு வருமோ என்று அவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது, ஆனாலும் ஒருமுறைகூட அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்னொன்று. கதை முழுக்க கேட்டின் கண் வழியாகத்தான் நகர்கிறது. கிரெஸ்டோமான்சி பட்டு அங்கியில் வருவார், பேச்சின் நடுவே எங்கோ பார்ப்பார், போய்விடுவார். பயந்த பிள்ளைக்குப் பெரியவர்கள் அப்படித்தான் தெரிவார்கள். ஆசிரியர் அதைப் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார். அவர் வளர்ந்தது எஸ்ஸெக்ஸில் உள்ள தாக்ஸ்டெட்டில். பெற்றோர் அங்கே கல்வி மாநாட்டு மையம் ஒன்றை நடத்தினார்கள். ஊரார் பிள்ளைகளுக்கு நேரம் இருந்தது, சொந்தப் பெண்கள் மூவரும் கேட்பாரற்று வளர்ந்தார்கள். அப்பா ஒரு புத்தக வரிசையை வாங்கிப் பூட்டி வைத்து, கிறிஸ்துமஸுக்கு ஒன்றாக மூவருக்கும் சேர்த்துக் கொடுத்ததை அவரே எழுதியிருக்கிறார். பெரியவர்கள் கவனிக்கத் தவறுவதைப் பற்றி இவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செம்பருத்தி:

ஆசிரியரின் குழந்தைப் பருவம் என் மனதையும் உருக்குகிறது. ஆனால் அது கிரெஸ்டோமான்சிக்கு வக்காலத்து ஆகாது. பிள்ளை அக்காவைக் காட்டிக்கொடுக்கமாட்டான் என்றால், அவனைக் காப்பாற்றும் பொறுப்பு பெரியவர்களுக்கு இன்னும் கூடத்தானே செய்கிறது?

1988-இல் வந்த 'தி லைவ்ஸ் ஆஃப் கிறிஸ்டோஃபர் சேன்ட்' நாவலையும் சேர்த்துப் பாருங்கள். அது இதே கிரெஸ்டோமான்சியின் சிறுவயதுக் கதை. அவனுக்கும் ஒன்பது உயிர். தூக்கத்தில் வேறு உலகங்களுக்குப் போய்வரும் பையனைத் தாய்மாமன் ரால்ஃப் கடத்தல் வேலைக்குப் பயன்படுத்துகிறான். மாமா பாராட்டுகிறார் என்ற பூரிப்பில், என்ன சரக்கு என்று தெரியாமலே பையன் சுமந்து வருகிறான். நடுவில் உயிர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. கேட்டின் கதை அப்படியே இல்லையா? பாசம் வைத்த சொந்தக்காரரிடமே ஏமாந்த ஒருவர் பெரியவராகி, கண்ணெதிரே அதே கொடுமைக்கு ஆளாகும் பிள்ளையை அடையாளம் காணவில்லை. முதல் புத்தகத்தில் இருந்த கோபம் இரண்டாவதைப் படித்ததும் எனக்கு இரண்டு மடங்கானது.

வேப்பமரம்:

பதினொரு வருடம் கழித்து எழுதியதை வைத்து முதல் புத்தகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. 1977-இல் மாமா ரால்ஃப் கிடையாது.

இரண்டையும் ஒரே கதையாக எடுத்துக்கொண்டாலும் நான் வேறு மாதிரிதான் பார்க்கிறேன். கிறிஸ்டோஃபர் அகம்பாவம் பிடித்த பையன். எதிர்த்துக் கத்துவான், முறைப்பான், ஓடிப்போவான். ஒன்பது உயிர்க்காரன் என்றால் தன்னைப் போலத்தான் இருப்பான் என்று அவர் நினைத்திருக்கலாம். வாயே திறக்காத, ஒட்டிக்கொண்டே திரியும் கேட் அவருக்குப் புரியவில்லை. தான் பட்ட அடியை வேறு உருவத்தில் பார்க்கும்போது தெரியாமல் போவது மனிதர்களிடம் நிறைய நடக்கிறது. எனக்கு இது நாவலின் பலமாகப் படுகிறது.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். கேட்டைக் கடைசியில் காப்பாற்றுவது கேட்தான். தன் சக்தி தன்னுடையது என்று புரிந்து, அக்காவிடமிருந்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான். வெள்ளி பட்டால் கிரெஸ்டோமான்சியின் மந்திரம் வேலை செய்யாது. வெள்ளி விலங்கு மாட்டி அவரைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் சொல்வதுபோல் அவர் மூன்றாம் அத்தியாயத்திலேயே உட்கார வைத்துப் பேசியிருந்தால், இந்த இடம் பிள்ளைக்குக் கிடைத்திருக்காது.

செம்பருத்தி:

அந்த இடம் எனக்கும் மிகப் பிடித்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் எத்தனை குச்சிகள் எரிந்துவிட்டன! கதைக்குத் தேவை என்பது வேறு, அந்த வீட்டுப் பெரியவர்கள் செய்தது சரி என்பது வேறு. முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதை நாவல் தட்டிக் கேட்டிருக்க வேண்டும்.

நடைவண்டி:

க்வென்டோலினின் இடத்துக்கு வந்து சேரும் ஜேனட்டைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையே! என் மனதில் நின்றது அவள்தான்.

ஆசிரியருடைய உலகங்களின் கணக்கு இதுதான்: வரலாற்றில் ஒரு பெரிய நிகழ்வு இரண்டு விதமாக முடிய வாய்ப்பிருந்தால், உலகம் இரண்டாகப் பிரிகிறது. இதே வரிசையில் 1982-இல் வந்த 'விட்ச் வீக்' நாவலில், இங்கிலாந்து நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் போட்ட 1605-ஆம் வருட வெடிமருந்துச் சதிதான் அந்தப் பிரிவு. அப்படிப் பிரிந்த உலகங்களில் ஒரே ஆளுக்குப் பல பிரதிகள் இருக்கும். பிரதியே இல்லாமல் எல்லா உயிரும் ஒருவனிடமே சேர்ந்துவிட்டால் அவன் ஒன்பது உயிர்க்காரன். பிள்ளைகள் கதையில் இவ்வளவு சுத்தமான தர்க்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

க்வென்டோலினுக்குப் பிரதிகள் உண்டு. ராணியாக இருக்கலாம் என்று அவள் வேறு உலகத்துக்கு ஓடியதும், சங்கிலிபோல் ஒவ்வொருத்தியும் பக்கத்து உலகத்துக்கு இழுக்கப்படுகிறாள். நம் உலகத்திலிருந்து ஜேனட் இங்கே வந்து விழுகிறாள். க்வென்டோலினாக நடிக்க வேண்டும், அவள் வாங்கிய டிராகன் ரத்தத்துக்கான கடனையும் சமாளிக்க வேண்டும், மந்திரமோ துளியும் வராது. கடைசியில் வீட்டுக்குப் போக வழி கிடைத்தும் போகவில்லை. தன் இடத்துக்கு வந்தவள் அநாதை, இப்போதுதான் சந்தோஷமாக இருக்கிறாள் என்று விட்டுக்கொடுக்கிறாள். அவளுடைய அப்பா அம்மாவுக்குத் தங்கள் மகள் மாறிப்போனதே தெரியாது. மௌனத்தைப் பற்றிப் பேசுவதென்றால் இதைவிடப் பெரிய மௌனம் அந்தப் புத்தகத்தில் இல்லை.

செம்பருத்தி:

நடைவண்டி, அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அண்ணன் மகளோ, "ஜேனட் சரியாகத்தான் செய்தாள், கேட்டுக்கும் நல்ல அக்கா வேண்டுமில்லையா?" என்றாள். பெரியவர்கள் பெற்றோர் பக்கம் நின்று பார்க்கிறோம், பிள்ளைகள் கேட் பக்கம் நிற்கிறார்கள்போல. இருந்தாலும் அந்த அம்மாவுக்கு ஒரு கடிதமாவது போயிருக்கலாம்.

வேப்பமரம்:

கடிதம் போனால் வந்தவள் மறுபடியும் அநாதை. ஜேனட் அதை யோசித்துத்தான் முடிவெடுக்கிறாள். க்வென்டோலின் தனக்காக மற்றவர்களின் உயிரை எடுத்தாள், அதே முகம் கொண்ட ஒருத்தி முன்பின் தெரியாதவளுக்காகத் தன் வீட்டையே கொடுக்கிறாள். ஒரே ஆளின் இரண்டு பிரதிகள் இவ்வளவு வேறாக வளர முடியும் என்று காட்டத்தான் இணை உலகங்கள் இந்தக் கதைக்குத் தேவைப்பட்டன என்று நினைக்கிறேன்.

நடைவண்டி:

இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் மனசு ஆறவும் இல்லை. சரி, என் தங்கைக்கு எதை முதலில் கொடுப்பது? கால வரிசைப்படி கிறிஸ்டோஃபர் கதைதானே முன்னால் வருகிறது?

வேப்பமரம்:

வேண்டாம். 1977 புத்தகம்தான் முதலில். ஒன்பது உயிர் என்றால் என்னவென்று முன்பே தெரிந்துவிட்டால், தீக்குச்சி அட்டை வரும்போதே குட்டு உடைந்துவிடும்.

செம்பருத்தி:

நானும் அதே வரிசைதான் சொல்வேன், காரணம் வேறு. கிறிஸ்டோஃபர் கதையை முதலில் படித்தால் அந்தப் பையன் மேல் பாசம் வந்துவிடும், அப்புறம் பெரியவரான பிறகு அவர் கேட்டிடம் நடந்துகொண்டதைக் கேள்வி கேட்கத் தோன்றாது. என் அண்ணன் மகள் இப்போது இரண்டாவது புத்தகத்தில் இருக்கிறாள். மாமா ரால்ஃப் யார் என்று இன்னும் அவளுக்குத் தெரியாது. முடித்ததும் கிரெஸ்டோமான்சியைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்று இங்கே வந்து எழுதுகிறேன்.